சின்ன ஓட்டை, பெரிய ஓட்டை!

'டர்போசார்ஜர் படம் வரைந்து விளக்குக.' பத்து மார்க் கேள்வி. வரைஞ்சேன், வாங்கினேன். அந்தப் படத்துல ஒரு குழாயே இல்லைங்கிறது இப்பத்தான் உறைக்குது பாஸ்!

1969-ல் அறிமுகமான ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார், டேட்சன் 240 இசட். ஒரிஜினல் இன்ஜின் 2.4 லிட்டர், ஆறு சிலிண்டர். அமெரிக்காவில் சில கில்லாடிகள் அதைக் கழற்றிட்டு, 1997 மாடல் கார்வெட்டில் வந்த 5.7 லிட்டர் வி8 'எல்எஸ்1'-ஐ உட்கார வைப்பாங்க. ஆசை அதோடு அடங்குமா? அடுத்து டர்போ!

முதலில் பிவிசி பைப்பை வெட்டி ஒட்டி வழி பார்க்கணும். அப்புறம்தான் ஸ்டீல். ஃபிளான்ஜை போல்ட் போட்டு இறுக்காமல் வெல்டு அடிச்சா, சூட்டில் கோணிக்கும். அப்புறம் கேஸ் லீக்தான். சரி, டர்போவை எங்கே வைக்க? இடது பக்கம் ஸ்டீரிங் ஷாஃப்ட், முன்னாடி ரேடியேட்டர், மேலே பானெட். 'கீழே காலியா இருக்கே'னு கை தானாப் போகும். அங்கேதான் ஆப்பு!

டர்போவுக்குள் ஆயில் போவது பம்ப்பின் அழுத்தத்தில். நிமிஷத்துக்கு லட்சம் சுற்று சுற்றும் ஷாஃப்ட்டைக் குளிப்பாட்டிட்டு, நுரை தள்ளி வெளியே வரும்போது அழுத்தமே இருக்காது. புவியீர்ப்புதான் கதி. சம்ப்பில் இருக்கிற ஆயில் மட்டத்துக்குக் கீழே டர்போவை வெச்சா, ஆயில் தேங்கி, சீலைத் தாண்டி எக்ஸாஸ்ட்டில் கசியும். பின்னாடி நீலப் புகை! தனியா ஒரு பம்ப் வெச்சு உறிஞ்சலாம். அது மண்டையைப் போட்டா மறுபடியும் புகைதான்.

எங்க லேபில் ஒரு பழைய டர்போ இருக்கு. மேலே சின்ன ஓட்டை, கீழே பெரிய ஓட்டை. ஏன்னு நாலு செமஸ்டரா யாரும் கேட்கலை, நான் உட்பட. நேத்து குனிஞ்சு பார்த்தேன். பெரிய ஓட்டையில் எவனோ சூயிங்கம் ஒட்டி வெச்சிருக்கான்!