ஆறு வார சிகிச்சைக்குப் பதினோரு மாத அக்ரிமென்ட்டா?

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பவரைப் பெரும்பாலும் வார்டில் சேர்ப்பதில்லை. வாரத்தில் ஐந்து நாள், ஐந்து முதல் ஏழு வாரம் வரை, தினமும் சில நிமிடம் எந்திரத்தடியில் படுத்து எழுந்து வந்துவிட வேண்டும். உத்திரமேரூர்க்காரருக்குக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் 1969 முதல் இயங்கும் அரசு புற்றுநோய் மருத்துவமனை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். உடம்பு தாங்கினால் போய்வரலாம். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்றால் 90 கிலோமீட்டர். தொண்டை புண்ணாகிக் கஞ்சி மட்டுமே இறங்குகிறவரைத் தினமும் பஸ் மாற்றி மாற்றிக் கூட்டிப்போக முடியாது.

அதனால் மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை தேடுகிறார்கள். வீட்டுக்காரர் பதினோரு மாத அக்ரிமென்ட் கேட்கிறார். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தனி. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் நெடுநாள் வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. நூறு நாள் வேலைக் கூலியில் ஓடும் குடும்பத்துக்கு அந்த மூன்று மாதப் பணமே மலை.

நோயாளி தங்கும் அறையும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். அதன் வாடகையை அரசு ஏற்க வேண்டும். உத்திரமேரூர் வட்டாரத்தில் நோயாளிக் குடும்பங்களுக்குத் துணைநிற்கும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வெளியில் எடுக்கும் அறைக்கு அதில் இடமில்லை. ஆனால் மருந்துக்கு அப்பாற்பட்ட செலவை அரசு ஏற்பது புதிதல்ல: காசநோயாளியின் சாப்பாட்டுக்கு மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது, 2024 நவம்பரில் அதை 1000 ஆக்கியது.

குறுகிய கால வாடகை நடக்காத காரியம் என்று சொல்பவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பார்க்கலாம். வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருவோருக்கு அங்கே நாள் வாடகைக்கு அறை கிடைக்கிறது. பல லாட்ஜுகளில் அடுப்பும் பாத்திரமும்கூட வாடகைக்கு உண்டு. மீனும் சோறும் அவரவரே பொங்கிக்கொள்கிறார்கள். மும்பை தாதரில் காட்கே மகாராஜ் தர்மசாலை டாடா புற்றுநோய் மருத்துவமனை நோயாளிகளைத் தங்கவைக்கிறது. சென்னை மாநகராட்சியும் சில அரசு மருத்துவமனைகளில் உடன் வருவோருக்கு இரவுத் தங்குமிடம் நடத்துகிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் ஆறு வாரம் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க அங்கே அடுப்பு வேண்டுமே.

வீட்டுக்காரர்கள் தயங்குவதில் நியாயமும் உண்டு, பயமும் உண்டு. புற்றுநோய் தொற்றாது, ஒரே குழாய், ஒரே கழிப்பறை என்றாலும் பரவாது. சொன்ன நாளில் காலி செய்வார்களா என்ற கவலைக்கு வழி இருக்கிறது. சிகிச்சை தொடங்கும், முடியும் தேதிகளை எழுதி மருத்துவமனை ஒரு கடிதம் கொடுக்கட்டும். அதைக் காட்டுபவரிடம் வார வாடகையும் ஒரு மாத முன்பணமும் மட்டும் ரசீதோடு வாங்கும் வீடுகளின் பட்டியலை, நோயாளிக்கு முதல் நாளே மருத்துவமனையின் சமூகப் பணியாளர் கையில் கொடுக்க வேண்டும்.