ஈரத்தை அளக்க இன்னொரு கோள் வேண்டும்!

புதுச்சேரியில் வெயிலைவிட மக்களை அதிகம் படுத்துவது புழுக்கம்தான். ஆனால் காற்றில் இருக்கும் நீராவி வெறும் வேர்வைச் சமாச்சாரம் இல்லை. புயலுக்கும் மழைக்கும் அதுதான் தீனி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, பல மணி நேரம் நகராமல் நின்றது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை! அத்தனை தண்ணீரும் கண்ணுக்குத் தெரியாத நீராவியாகக் காற்றில் வந்து சேர்ந்ததுதான்.

அதை எப்படி அளப்பது? காரைக்காலில் வானிலைத் துறை பலூனில் கருவி கட்டி மேலே அனுப்புகிறது. நம்பகமான முறைதான். ஆனால் நடு வங்கக் கடலில் பலூன் விட யார் இருக்கிறார்கள்? அங்கே செயற்கைக்கோள்தான் கதி.

இன்சாட்-3டி வரிசைக் கோள்கள் அகச்சிவப்புக் கதிரை வைத்து ஈரப்பதத்தைக் கணக்கிடுகின்றன. ஒரே பகுதியை விடாமல் பார்ப்பது இவற்றின் பலம். ஆனால் அடர்ந்த மேகத்தை அகச்சிவப்பு ஊடுருவாது. புயல் நாளில்தான் மேகம் அதிகம் என்பதை மறந்துவிடக் கூடாது.

நுண்ணலைக்கு இந்தத் தொல்லை குறைவு. 183.31 கிகாஹெர்ட்ஸ் அலையை நீராவி நன்றாக உறிஞ்சும். அந்த எண்ணை ஒட்டி அளந்தால் மேலடுக்கின் ஈரம் தெரியும். விலகி அளந்தால் கீழடுக்கு. இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2011 அக்டோபர் 12-ல் அனுப்பிய மேகா-ட்ராபிக்ஸ் கோளின் சஃபீர் கருவி இப்படித்தான் ஆறு அலைவரிசைகளில் அளந்தது. பூமத்திய ரேகைக்கு 20 டிகிரி சாய்வில் சுற்றியதால் நம் பகுதியை ஒரே நாளில் பல முறை பார்த்தது. 3 ஆண்டுக்குத் திட்டமிட்ட கோள் 2021 வரை உழைத்தது. 2023 மார்ச் 7-ல் பசிபிக் கடல் மேல் கட்டுப்பாட்டுடன் இறக்கி அழிக்கப்பட்டது.

வெளிநாட்டுத் துருவக் கோள்களும் நுண்ணலையில் அளக்கின்றனவே, போதாதா? ஒரு துருவக் கோள் ஓர் ஊரின் மேல் நாளுக்கு ஏறக்குறைய இரண்டு முறைதான் வரும். அதுவரை புயல் காத்திருக்காது.

கனமழை மேகத்தில் நுண்ணலையும் தடுமாறும், உண்மைதான். அதனால் பலூனையும் இன்சாட்டையும் கைவிடச் சொல்லவில்லை. இடையில் இருக்கும் ஓட்டையை அடைக்க வேண்டும் என்பதே வாதம். 2023 பிப்ரவரியில் சென்ற இ.ஓ.எஸ்-07 சோதனைக் கோளின் எடை சுமார் 156 கிலோ. அதிலேயே ஈரப்பதம் அளக்கும் நுண்ணலைக் கருவியை இஸ்ரோ வைத்து அனுப்பியது. அப்படிப்பட்ட சிறு கோள்கள் நாலைந்தைக் குறைந்த சாய்வில் சுற்றவிட்டால் என்ன? பிரான்சும் மறுபடி கை கோக்கலாம்.

அடுத்த புயல் எப்படியும் வரும். அதன் ஈரத்தை முன்கூட்டியே அளந்து வைப்பது நம் கையில்தான் இருக்கிறது!