"ஒண்ணும் பண்ணாது தம்பி, உள்ள வாங்க!"

நாய் வளர்க்கும் வீடுகளின் வாசலில் தினமும் நடக்கும் பேச்சு இது. கேட்டுக்கு வெளியே ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓர் இளைஞர், கையில் பொட்டலத்துடன் நிற்பார். "சார், நாய் கட்டியிருக்கா?" என்று கேட்பார். உள்ளேயிருந்து பதில் வரும்: "ஒண்ணும் பண்ணாது தம்பி, உள்ள வாங்க!"

நானும் பல வருடங்கள் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். தெருவில் குட்டியாகக் கிடைத்த நாட்டு நாய் எங்கள் ஜூலி. என் மகளின் காலடியில்தான் தூங்கும். அதை வைத்து, ஜூலியை அதற்கு முன் பார்த்தேயிராத மனிதர்களுக்கெல்லாம் நான் உத்தரவாதம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் பாதி வழி வந்துவிட்டார். ஜூலி மாடிப்படியின் அடியிலிருந்து குரைத்துக்கொண்டு பாய்ந்தது. உள்ளே இருக்கும் எரிவாயு மட்டும் 14.2 கிலோ; இரும்பின் எடையும் சேர்ந்தால் ஏறக்குறைய 30 கிலோ. அதைத் தோளில் வைத்திருப்பவரால் ஓட முடியாது, குனிய முடியாது, கீழே போடவும் முடியாது. அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு அப்படியே நின்றார். ஜூலி அவர் கெண்டைக்காலை முகர்ந்தது. நான் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன். சிலிண்டரை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, காக்கிச் சட்டையில் கையைத் துடைத்தபடி அவர் கேட்டார்: "உங்களுக்குத் தெரியும் சார், எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. நாய் வளர்க்கும் எவரிடமும் இருக்க முடியாது.

தான் வாழும் இடத்தைக் காப்பது நாயின் இயல்பு; அதற்காக நாயைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஆனால், அந்த இயல்பு நம் வாசலில் எப்படி வளர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அறிமுகமில்லாத ஒருவர் கேட்டருகே வருகிறார், நாய் குரைக்கிறது. அவர் பொருளைக் கொடுத்துவிட்டு, தன் வேலை முடிந்ததால் போகிறார். நாய்க்கோ, தான் குரைத்ததால்தான் அவர் போனார். மறுநாள் இன்னொருவர் வருகிறார், அதே வெற்றி மீண்டும் கிடைக்கிறது. மாதக்கணக்கில் தினமும் இப்படி நடந்தால், பொட்டலத்தோடு வருபவரை விரட்டுவதே தன் வேலை என்று நாய் கற்றுக்கொள்கிறது. நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கும், கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று தெருவையே பார்த்துக் குரைக்கும் நாய்க்கும் இந்த ஆவேசம் இன்னும் கூடும். அந்த நாயின் முன் ஒருநாள் கேட் திறந்துகொண்டால் என்ன நடக்கும்?

முன்பு தபால்காரர் ஒருவர், பால்காரர் ஒருவர், பேப்பர் போடும் பையன் ஒருவன். வருடக்கணக்கில் அதே ஆட்கள் வந்ததால் சைக்கிள் மணிச் சத்தத்திலேயே நாய் ஆளைத் தெரிந்துகொள்ளும். "பழகினா சரியாயிடும்" என்ற சமாதானத்துக்கு அன்று அர்த்தம் இருந்தது. இன்று காலையில் மளிகை, மதியம் சாப்பாடு, மாலையில் துணிப் பார்சல் என்று வருகிறவர்கள் ஒவ்வொருவரும் புதியவர்கள். முகத்தை மறைக்கும் ஹெல்மெட், முதுகில் பெட்டி போன்ற பெரிய பை, மழைக்காலத்தில் படபடக்கும் ரெயின்கோட் எனப் பல நாய்களை மிரட்டுவதற்கான எல்லாமே அவர்களிடம் இருக்கிறது. பழகுவதற்கு அங்கே அவகாசமே கிடையாது.

ஐதராபாத்தின் பஞ்சாரா ஹில்ஸில் 2023 ஜனவரியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கலாம். அடுக்ககத்தின் மூன்றாவது மாடிக்கு உணவு கொண்டுபோன 23 வயது இளைஞர், கதவு திறந்ததும் வெளியே பாய்ந்த ஜெர்மன் ஷெப்பர்டுக்குப் பயந்து ஓடினார். தப்பிக்க முயன்றதில் மேலிருந்து விழுந்து, சில நாட்களில் மருத்துவமனையில் இறந்தார். நாயின் உரிமையாளர் மீது போலீஸார் வழக்குப் பதிந்தனர். அதே ஆண்டு மே மாதம் அதே நகரின் மணிகொண்டா பகுதியில், பொருள் கொடுக்கப் போன இன்னொருவர் டாபர்மேனுக்குப் பயந்து மாடியிலிருந்து குதித்துக் காயத்துடன் உயிர் தப்பினார்.

அந்த 23 வயது இளைஞரின் உயிரைப் பறித்தது கடி அல்ல. "எங்க நாய் இதுவரைக்கும் யாரையும் கடிச்சதே இல்ல" என்று பெருமையாகச் சொல்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது மாடி நடைபாதையில், பாய்ந்துவரும் நாய்க்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் நிற்பவருக்கு, அது கடிக்குமா, முகர்ந்துவிட்டுத் திரும்புமா என்று ஆராய நேரமில்லை. அவர் ஓடுவார். ஓடுபவரைத் துரத்துவதும் நாயின் இயல்புதான்.

சட்டமும் கடி விழும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. முந்தைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 289-வது பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 291-வது பிரிவாகியிருக்கிறது. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ உடலுக்கோ பெரும் தீங்கு நேரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதுமான நடவடிக்கை எடுக்கத் தவறினாலே குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காயம் பட்டிருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. ஆனால், யாராவது விழுந்த பிறகு, யாராவது இறந்த பிறகுதான் இந்தப் பிரிவு நம் ஊரில் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது.

பலர் நம்பியிருப்பது 'நாய்கள் ஜாக்கிரதை' பலகையை. அதை மாட்டிவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று நினைக்கிறோம். அந்தப் பலகை யாரை ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிறது? வருபவரை. தானாக வந்த விற்பனையாளருக்கு, வழி தவறி வந்தவருக்கு அது பொருந்தலாம். கைபேசியில் முகவரி கொடுத்து, பணமும் கட்டி, "சீக்கிரம் வாங்க" என்று வரவழைத்தவருக்கு அதைக் காட்டுவது நியாயமா? நாம் ஆர்டர் போட்ட நிமிடத்திலிருந்து நம் வாசல் இன்னொருவரின் பணியிடம். தொழிற்சாலையில் இயந்திரத்துக்குத் தடுப்பு போடாமல் 'இயந்திரம் ஜாக்கிரதை' என்று எழுதி மாட்டிய முதலாளியை நாம் சும்மா விடுவோமா?

வருகிறவருக்கு "நான் உள்ளே வர மாட்டேன்" என்று சொல்லும் துணிவு ஏன் வருவதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அவருடைய வருமானம் நேரத்தோடும் வாடிக்கையாளர் போடும் நட்சத்திரங்களோடும் கட்டப்பட்டிருக்கிறது. கேட்டிலேயே நின்று போன் செய்து காத்திருந்தால் அடுத்த ஆர்டர் தள்ளிப்போகும். திரும்பிப் போனால் புகார் வரும். நாய்க்கடி பட்டால் கதை இன்னும் நீளும். ரேபிஸ் அறிகுறிகள் தோன்றிவிட்டால் ஏறக்குறைய உறுதியாக மரணம்தான் என்பதால், வீட்டு நாய்தானே என்று விட்டுவிட முடியாது. காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு 0, 3, 7, 28 என்று நாள் கணக்கில் ஊசி. அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம்தான். வரிசையில் நிற்கும் அந்த நான்கு காலைப் பொழுதுகளின் சம்பாத்தியத்தை யார் தருவார்கள்? மாதச் சம்பளக்காரர் விடுப்பு எடுக்கலாம். நிறுவனங்கள் 'பார்ட்னர்' என்று அழைக்கும் இவருக்கு விடுப்பு என்ற ஒன்றே கிடையாது.

இப்படிப்பட்டவர்கள் சொற்பமானவர்கள் அல்ல. செயலி வழி வேலைகளில் 2020-21-ல் 77 லட்சம் பேர் இருந்ததாகவும், 2029-30-க்குள் 2.35 கோடி ஆவார்கள் என்றும் நிதி ஆயோக் 2022-ல் கணித்தது. தமிழக அரசு இவர்களுக்கென நல வாரியம் அமைத்திருக்கிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவர்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டுள்ளது. நாய்க்கடியை இந்த வேலையின் ஆபத்தாக ஏற்று, மருத்துவச் செலவோடு இழந்த நாட்களுக்கும் ஈடு தர வேண்டும் என்று அந்த வாரியத்தில் யாராவது பேசினால், அது மிகைக் கோரிக்கை ஆகாது.

வெளிநாடுகளில் இந்தப் போராட்டத்தை முன்னெடுத்தவர்கள் தபால்காரர்கள். பிரிட்டனின் 1991-ம் ஆண்டு ஆபத்தான நாய்கள் சட்டம் பெரும்பாலும் பொது இடங்களோடு நின்றுவிட்டிருந்தது. வீட்டு முன்தோட்டத்தில் கடிபட்ட தபால்காரருக்கு அது உதவவில்லை. அவர்களுடைய தொழிற்சங்கம் பல ஆண்டுகள் இயக்கம் நடத்தியது. 2014-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் தனியார் வளாகங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. கதவிலுள்ள தபால் துளை வழியாக நாய் விரலைக் கடித்தால், உரிமையாளர் வீட்டில் இல்லாவிட்டாலும் அவரே பொறுப்பு என்று அங்கே உயர் நீதிமன்றம் 2020-ல் சொன்னது. அமெரிக்கத் தபால் துறை தன் ஊழியர்கள் மீதான நாய்த் தாக்குதல்களை ஆண்டுதோறும் எண்ணி வெளியிடுகிறது. 2024-ல் அது 6,000-ஐத் தாண்டியது. நாயைக் கட்டாத வீட்டுக்குக் கடிதம் கொண்டுபோவதை அங்கே நிறுத்தியே விடலாம். நம் செயலி நிறுவனங்கள் வண்டி எந்தத் திருப்பத்தில் நிற்கிறது என்பதைக்கூட வாடிக்கையாளருக்குக் காட்டுகின்றன. எந்த வாசலில் நாய் பாய்ந்தது என்பதை அடுத்து வருபவருக்குக் காட்ட அவர்களால் முடியாதா? "உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா, கட்டிவிட்டீர்களா?" என்று ஆர்டர் போடும்போதே ஒரு கேள்வி, கட்டவில்லையென்றால் கேட்டோடு கொடுத்துவிட்டுத் திரும்பும் உரிமை, அதற்காக மதிப்பெண் குறையாது என்ற உறுதி. இவ்வளவுதான் கேட்கிறோம்.

சென்னையில் 2024 மே மாதம் ஆயிரம் விளக்கு பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறிய பிறகுதான் வளர்ப்பு நாய் உரிமம் பற்றிய பேச்சு வலுத்தது. மாநகராட்சி அடுத்த ஆண்டு உரிமம், தடுப்பூசி, கயிறு, வாய்மூடி என்று விதிகளை இறுக்கியது. நல்லதே. ஆனால், இவை பெரும்பாலும் தெருவையும் பூங்காவையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. கேட்டுக்கும் வீட்டுக் கதவுக்கும் இடைப்பட்ட அந்தப் பத்தடி யாருடைய கண்ணிலும் படவில்லை. ஆபத்தான இனங்களைத் தடைசெய்தால் போதும் என்ற வாதத்திலும் எனக்கு முழு உடன்பாடில்லை. என் ஜூலி எந்தப் பட்டியலிலும் வராத நாட்டு நாய். சிலிண்டர்காரரைக் கண்மூடி நிற்க வைத்தது அதுதான்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. காலிங் பெல் கேட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். எத்தனையோ தனி வீடுகளில் அது வராந்தாத் தூணில் இருக்கிறது. நாயைத் தாண்டி வந்தால்தான் அடிக்க முடியும். ஆர்டர் போட்டவுடன் நாயை உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்த வேண்டும். பெல் அடித்த பிறகு ஓடிப்போய்ப் பிடிப்பது பயன் தராது. நாய் மிக ஆவேசமாக இருப்பது அந்த நொடியில்தான். கதவைத் திறக்கக் குழந்தைகளை அனுப்பக் கூடாது. அவர்களின் கால் சந்தில் நாய் நழுவிவிடும். அடுக்ககமென்றால் கீழே செக்யூரிட்டியிடம் வாங்கிக்கொள்ளலாம். குட்டியாக இருக்கும் முதல் மூன்று நான்கு மாதங்களில் பலவித மனிதர்களை, உடைகளை, சத்தங்களைக் காட்டி வளர்த்தால் பாதிப் பிரச்சினை வராது. ஜூலிக்கு அந்தக் காலம் கடந்திருந்தது. பெல் அடித்ததும் பின்கட்டில் விரித்த சாக்கில் போய்ப் படுத்தால் ஒரு துண்டு கருவாடு என்று பழக்கினோம். ஏழு வாரம் ஆனது. இப்போது பெரும்பாலும் போய்விடுகிறது. போனாலும் அந்தக் கதவைச் சாத்துகிறோம்.

எங்கள் பெல்லை எலெக்ட்ரீஷியன் கேட்டுக்கு வெளியே மாற்றி மாட்டிய வாரத்தில் அதே சிலிண்டர்காரர் வந்தார். புது இடத்தைப் பார்த்துவிட்டு அழுத்தினார். நான் வந்து கேட்டைத் திறந்தேன். அப்போதும் அவர் சிலிண்டரைத் தோளில் ஏற்றவில்லை. உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார், மாடிப்படியின் அடியைப் பார்த்தபடியே.