பெயரிடும் உரிமை யாருக்கு?
இலத்தீன் அமெரிக்காவும் நமது மலையகமும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருவீதி மகாவலி கங்கையைக் கடக்குமிடம் கட்டுகஸ்தோட்டை. சிங்களத்தில் முள்மரங்கள் நின்ற ஆற்றுத்துறை என்று பொருள்படும் இப்பெயர், தமிழர் நாவில் தோட்டத்தை நினைவூட்டும் ஒலியைப் பெற்றுவிட்டது. ஆற்றின் இருமருங்கிலும் சிங்களக் கிராமங்கள். வடக்கே அக்குறணையில் தமிழ் பேசும் முஸ்லிம்கள். அப்பாலுள்ள தோட்டங்களில், தென்னிந்தியாவிலிருந்து கோப்பிக்கும் தேயிலைக்கும் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள். இந்நிலத்தின் பெயர் யாது என்று வினவினால் சிங்கள மக்கள் 'உடரட்ட' என்பர். நாம் மலையகம் என்போம்.

மொழி ஒன்றாயின் மக்கள் ஒன்று, மக்கள் ஒன்றாயின் பெயரும் ஒன்று என வாதிப்போர் நம்மிடையே உளர். செவிக்கு இனிய இவ்வாதம் வரலாற்றின் முன் நில்லாது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு, மொழியுறவின் பெயரால் ஒரு பெருநிலப்பரப்புக்கே பெயர் சூட்டப்பட்ட வரலாற்றை முதலில் நோக்குவோம்.

மெக்ஸிக்கோ முதல் ஆர்ஜென்ரீனா வரை பரந்துள்ள நாடுகளை 'இலத்தீன் அமெரிக்கா' என்று அழைக்கின்றோம். ஸ்பானியம், போர்த்துக்கேயம், பிரெஞ்சு ஆகிய மூன்றும் இலத்தீனின் சேய்மொழிகள். ஆகவே இப்பெயர் இயல்பானது என்று பாடநூல்கள் கூறும். இயல்பாக எழுந்த பெயரா இது? 1836இல் பிரெஞ்சு அறிஞர் மிஷேல் ஷெவாலியே, ஐரோப்பாவில் இலத்தீன் இனத்தார், ஜெர்மானிய இனத்தார் என இரு பிரிவினர் இருப்பது போலவே அமெரிக்காவிலும் உளர் என எழுதினார். இலத்தீன் நாடுகளுக்குத் தலைமை தாங்க வல்லது பிரான்சே என்பது அவர் கொண்ட முடிபு. பின்னர் மூன்றாம் நெப்போலியன் மெக்ஸிக்கோவுக்குப் படை அனுப்பினான். 1864இல் ஆஸ்திரிய இளவரசன் மக்ஸிமிலியானை அந்நாட்டின் பேரரசனாக்கினான். அப்படையெடுப்புக்கு நியாயம் கற்பித்தோர் கையிலெடுத்த சொற்களுள் ஒன்று இந்த இலத்தீன் உறவு. உறவு கொண்டாடி வந்தவனை மெக்ஸிக்கோ மக்கள் ஏற்கவில்லை. 1867இல் மக்ஸிமிலியான் சுட்டுக்கொல்லப்பட்டான்.

எனினும் இப்பெயரைப் பேரரசின் சூழ்ச்சி என்று மட்டும் ஒதுக்கிவிடுதல் அரைகுறை வாசிப்பாகும். 1856இல் வட அமெரிக்கனாகிய வில்லியம் வோக்கர் கூலிப்படையோடு புகுந்து நிக்கராகுவாவின் சனாதிபதியாகத் தன்னையே அமர்த்திக்கொண்டான். அவ்வாண்டிலேயே சிலி நாட்டுப் பிரான்சிஸ்கோ பில்பாவோவும் கொலம்பிய நாட்டு டொரெஸ் கைசேதோவும் இலத்தீன் அமெரிக்கா என்னும் பெயரைத் தற்காப்புக் கேடயமாக உயர்த்தினர். ஒருவன் கையில் வாளாகிய சொல் இன்னொருவன் கையில் கேடயமாயிற்று. ஆகவே, ஒரு பெயர் மொழியியலுக்கு ஒத்ததா என்று கேட்பதிலும், அதை யார் எதற்காகச் சொல்கின்றார் என்று கேட்பதே தக்கது.

இனி, அப்பெயர் யாரை மறைத்தது என்பதையும் பார்த்தல் வேண்டும். அந்தீஸ் மலைகளில் பல இலட்சம் மக்கள் கெச்சுவாவும் அய்மாராவும் பேசுகின்றனர். பரகுவேயில் பெரும்பான்மையோர் குவாரனி பேசுகின்றனர். இவற்றுள் எதுவும் இலத்தீனின் சேய் அன்று. கனடாவின் கியூபெக் மாகாணம் பிரெஞ்சு பேசுகின்றது. ஆனால் அதனை எவரும் இலத்தீன் அமெரிக்கா என்பதில்லை. மொழியே அளவுகோலென்றால் கியூபெக் உள்ளேயும் அந்தீஸ் மலைவாசிகள் வெளியேயும் அல்லவா இருத்தல் வேண்டும்? 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றப்பட்டுக் குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரின் சந்ததியார் இன்று பிரெஞ்சு மொழியினர். இவ்வளவுகோலின்படி அவர்களும் இலத்தீன் இனத்தாரே! பழங்குடி இயக்கங்கள் இன்று தம் கண்டத்தைக் குனா மக்களின் மொழியில் 'அப்யா யாலா' என்று அழைப்பது வீம்பினால் அன்று. பிறர் இட்ட பெயரின் கீழ் காணாமற் போக அவர்கள் மறுக்கின்றனர்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இலங்கைத் தமிழர் என்றும் இந்தியத் தமிழர் என்றும் நம்மை இரண்டாகப் பகுத்தது. எண்ணிக்கைக்காக இடப்பட்ட பெயரென்று அதனைச் சிறிதாக எண்ணற்க. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் ஏறக்குறைய 7 இலட்சம் மக்களை நாடற்றோராக்கியபோது, 'இந்திய' என்னும் அடைமொழியே அவர்கள் அந்நியர் என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என ஒத்திவைத்தது. பங்கிடப்பட்டோரிடம் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. சட்டம் மாறிய பின்னரும் அடைமொழி மாறவில்லை; 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலும் 8,39,504 பேர் இந்தியத் தமிழரே.

அரசு இட்ட பெயர் இதுவாயின், நம்மவர் இட்ட பெயர் 'தமிழ் பேசும் மக்கள்' என்பதாகும். 1949இல் தோன்றிய தமிழரசுக் கட்சி வடகிழக்குத் தமிழரையும் முஸ்லிம்களையும் மலையகத்தாரையும் இச்சொற்றொடரால் ஒருங்கே அணைத்தது. பிரசாவுரிமைப் பறிப்பை எதிர்த்தோரே அக்கட்சியைத் தோற்றுவித்தனர் என்பதை மறத்தல் நன்றிகேடு. ஆயினும் 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனியரசுக்கு எல்லை வகுத்தபோது, அவ்வெல்லை வடக்கு கிழக்கு மாகாணங்களோடு நின்றது. அத்தீர்மானத்தோடு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் உடன்படாது விலகி நின்றது. மொழி அழைத்த விருந்தில் மலையகத்தானுக்கு இலை போடப்படவில்லை. அக்குறணை முஸ்லிமும் வீட்டில் தமிழே பேசுகின்றார். அதற்காக அவரைக் கேளாமலே தமிழர் பட்டியலில் அவரைச் சேர்க்க நமக்கு உரிமை உண்டா? ஷெவாலியே செய்ததும் அதுவேயன்றோ!

இப்பின்னணியில்தான் மலையகம் என்னும் பெயரின் பெறுமதி விளங்கும். பெருமுதலாளிக்குக் 'கூலி', ஊரவனுக்குத் 'தோட்டக்காட்டான்', அரசுக்கு 'இந்தியன்' என அழைக்கப்பட்டோர் தம் வாயாலேயே தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் அது. எழுத்தாளர்கள் அதனை வளர்த்தனர்; ஆசிரியர்களும் இளைஞர்களும் பரப்பினர்; 1989இல் மலையக மக்கள் முன்னணி அதனை அரசியல் அரங்கில் ஏற்றியது. 2023இல், வருகையின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோர் அப்பெயரையே தாங்கி நடந்தனர். மூதாதையர் செத்து வீழ்ந்த வழியிலே பேரப்பிள்ளைகள் தம் பெயரைச் சொல்லி நடந்தனர். இதனினும் வலிய பத்திரம் வேறென்ன வேண்டும்?

ஆகவே, அரச ஆவணங்களில் இப்பெயர் ஐயத்துக்கு இடமின்றி இடம்பெறுதல் வேண்டும். 'இந்திய வம்சாவளி' என்று தன்னை அழைக்க விரும்புவோர் அழைத்துக்கொள்க. பிறரை அழைக்கும் பெயராக அது இருத்தலாகாது.

அதேவேளை நம் பெயரும் ஒரு நாள் மூடுதிரையாகலாம் என்ற அச்சம் நமக்கு இருத்தல் நன்று. களுத்துறையிலும் காலியிலும் தாழ்நிலத்து இறப்பர்த் தோட்டங்களில் வாழ்வோருக்கு மலையே இல்லை, அவர்களும் மலையகத்தாரே. தோட்டங்களுக்கு வந்தோருள் தெலுங்கும் மலையாளமும் பேசியோரும் இருந்தனர். அவர்களைத் தமிழ் விழுங்கியது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தால் காட்டையும் சேனையையும் இழந்த கண்டிய விவசாயிக்கும் இம்மலை தாயகமே. அவனிடமிருந்து நிலத்தைப் பறித்த துரையே நம் மூதாதையரை லயங்களில் அடைத்தான். மலையகம் என்று நாம் சொல்லும்போது அவனை வெளியே தள்ளினால், வாளைக் கைமாற்றியவராவோமேயன்றி வேறெதுவும் செய்தவராகோம்.

மொழியுறவு பெரிது, அதனை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் உறவென்பது இருபுறத்தாரும் ஒப்புக்கொள்வது. ஒப்புதல் பெறாது இடப்படும் பெயர், எத்துணை இனிய மொழியில் இடப்பட்டாலும் விலங்கேயாகும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடக்கும் பேருந்தில் மூன்று சமூகத்தாரும் அருகருகே அமர்ந்து செல்கின்றனர். அவர்களுள் ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்குமுன், "உங்களை எவ்வாறு அழைப்பது?" என்று கேட்கும் பண்பாடு நமக்கு வேண்டும். அறிஞர்களும் அரசுகளும் கட்சிகளும் கேட்க மறந்த வினா அதுவே.