பந்தாவுக்குப் பரிசு

புதிதாக ஒரு வீடியோ கேம் வாங்கி, டிஸ்க்கைப் போட்டுவிட்டு, சாப்பிட்டுக் கை கழுவி, பாத்திரமும் துலக்கி வந்து பார்த்தால் ‘அப்டேட்’ இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்தப் பத்தியில் அந்தச் சொல்லை நான் எத்தனை முறை திட்டியிருக்கிறேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். இன்னொரு முறை பொறுத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள் பிரித்த அன்றே ரிப்பேருக்குப் போவது வேறெந்தத் தொழிலில் நடக்கும்? இறங்கி முடித்ததும் கணக்குத் தொடங்கச் சொன்னது. கடவுச்சொல் கேட்டது. பிறகு கடையைத் திறந்து எனக்குத் தொப்பி விற்கப் பார்த்தது. அணைத்துவிட்டேன்.

அந்தக் கோபத்தில்தான் பரணில் கிடந்த பிளேஸ்டேஷன் 2 கீழே இறங்கியது. கூடவே ‘எஸ்எஸ்எக்ஸ் டிரிக்கி’, 2001இல் வந்த ஸ்னோபோர்டு விளையாட்டு. ஆளைத் தேர்ந்தெடு, மலையைத் தேர்ந்தெடு, குதி. தொப்பி வியாபாரமெல்லாம் கிடையாது.

சறுக்குப் பந்தயத்தில் நேராகப் போகிறவன்தான் வேகமாகப் போவான் என்று நினைப்போம். டிரிக்கியில் அது செல்லாது. மேட்டிலிருந்து எழும்பும்போது சுழல வேண்டும், குட்டிக்கரணம் போட வேண்டும், பலகையைக் கையால் பிடிக்க வேண்டும். காட்டுகிற வித்தைக்கெல்லாம் திரையோரத்தில் ஒரு மானி ஏறும்; அதுதான் பெட்ரோல். முழுதும் நிறைந்தால் பெருவித்தைகள் திறக்கும்: அந்தரத்தில் காலைப் பலகையிலிருந்து கழற்றி, பலகையைச் சுழற்றி, தரை வருவதற்குள் மறுபடி ஏறிக்கொள்வது. பின்னணியில் ரன்-டிஎம்சியின் ‘இட்ஸ் டிரிக்கி’ வெடிக்கும். ஒவ்வொரு பெருவித்தைக்கும் ‘டிரிக்கி’யின் ஆங்கில எழுத்து ஒன்று எரியும், ஆறும் எரிந்தால் அந்தப் பந்தயம் முடியும்வரை வேகத்துக்குப் பஞ்சமில்லை. பந்தா காட்டாதவன் பின்தங்குவான். தப்பாக இறங்கினால் சேர்த்ததும் போச்சு.

இந்த விளையாட்டு வரிசையைத் தொடங்கிவைத்தவர் ஸ்டீவ் ரெக்ட்ஷாஃப்னர், ஈஏ நிறுவனத்தின் கனடா கிளையில் இருந்தவர். அதற்குச் சுமார் பத்தாண்டு முன்பே ஒரு நிஜப் பந்தயத்தை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு: மேடும் வளைவுமான பனிப்பாதையில் பலரை ஒரே நேரத்தில் இறக்கிவிடும் போர்டர்கிராஸ். 2006 டுரின் ஒலிம்பிக்கில் அது ஸ்னோபோர்டு கிராஸ் என்ற பெயரில் அறிமுகமானது. அங்கே வித்தைக்கு மதிப்பெண் இல்லை. முதலில் கோட்டைத் தாண்டுகிறவருக்குத் தங்கம், அவ்வளவே.

டிரிக்கியின் மலைகளைப் பற்றியும் எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் லிண்ட்சே ஜேகபெலிஸ் வந்துவிட்டார், இனி அவர்தான்.

டுரினில் பெண்கள் இறுதிப் பந்தயம். அமெரிக்காவின் ஜேகபெலிஸுக்கு வயது 20. எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் முன்னால் போகிறார். கோட்டுக்குச் சற்று முன்னிருந்த மேட்டில் எழும்பியவர், தேவையே இல்லாமல் கையை நீட்டிப் பலகையைப் பிடித்தார். இறங்கும்போது தடுமாறி விழுந்தார். சுவிட்சர்லாந்தின் தான்யா ஃப்ரீடன் தாண்டிப் போய்த் தங்கம் வாங்கினார். எழுந்து வந்தவருக்கு வெள்ளி. சமநிலைக்காகப் பிடித்தேன் என்று முதலில் சொன்னார். சந்தோஷத்தில் செய்தேன் என்று பிறகு சொன்னார்.

பிடித்துக்கொண்டது உலகம். தலைக்கனம் என்றார்கள், திமிருக்குத் தண்டனை என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இதில்தான். பனியில் வழுக்கிக்கொண்டு போவதில் ஒரு குதூகலம் இல்லையென்றால் எந்தப் பெண் பலகையைத் தூக்கிக்கொண்டு மலையேறுவாள்? அந்தக் குதூகலம்தான் அவரை இறுதிப் பந்தயத்துக்கே கொண்டுவந்தது. அதே குதூகலம் ஒருமுறை கீழே தள்ளியது. டிரிக்கி இந்த இரண்டு பக்கத்தையும் ஒத்துக்கொள்கிறது. உபதேசிகளுக்குத் தெரிவது ஒரு பக்கம்தான்.

அடுத்த மூன்று ஒலிம்பிக்கிலும் ஜேகபெலிஸுக்குப் பதக்கமில்லை. 2022இல் பெய்ஜிங்கில், 36 வயதில், தனிப் பந்தயத்தில் தங்கம். சில நாள் கழித்து நிக் பாம்கார்ட்னருடன் கலப்பு அணியில் இன்னொரு தங்கம். பதினாறு வருஷம் ஒருத்தியை மலைக்குத் திரும்பத் திரும்ப அனுப்பியது தண்டனை பயமாகவா இருக்கும்?

2006 காட்சியைப் போட்டுக் காட்டிப் பிள்ளைகளுக்கு அடக்கம் கற்பிக்கிறவர்கள் 2022 காட்சியையும் சேர்த்துப் போடட்டும். இரண்டையும் பார்த்த பிள்ளை, கடைசி மேட்டில் கையை எங்கே வைப்பது என்பதைத் தானே முடிவு செய்துகொள்ளும்.