விடியட்டும் என்று காத்திருக்கலாமா?

நெஞ்சை அழுத்தும் வலிக்கு நம் வீடுகளில் முதலில் கிடைப்பது சோடாவும் ஓமத் தண்ணீரும்தான். வலி தோளுக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினாலும் ‘விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்பார்கள். மாரடைப்பில் இந்தக் காத்திருப்புதான் இதயத் தசையைச் சாகடிக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியும் மட்டும்கூட வரலாம். வாயுக்கோளாறுக்கெல்லாம் ஓடினால் ஆஸ்பத்திரியில் கூட்டம்தானே சேரும் என்று கேட்கலாம். இ.சி.ஜி. எடுக்கச் சில நிமிடம் போதும். வாயுதான் என்றால் நிம்மதியாகத் திரும்பலாம். தூரம் என்ற சாக்கும் இப்போது முழுதாகச் செல்லாது. தமிழகத்தில் 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல் உள்ளிட்ட முதல் தவணை மருந்து தரப்படுகிறது.

பக்கவாதமோ பெரும்பாலும் வலிக்காது, அதுவே ஆபத்து. வாய் ஒரு பக்கம் கோணுவது, தூக்கிய கை தானாகச் சரிவது, பேச்சு குழறுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலே போதும், கிளம்பிவிட வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே கெடு; அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும் என்பதால், வீட்டில் நாமாக ஆஸ்பிரின் கொடுப்பது விபரீதமாகலாம். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டதே என்று விட்டுவிடுவதும் தவறு. பெரிய தாக்குதல் பின்னாலேயே வரக்கூடும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, உடனே 108-ஐ அழையுங்கள்.