விசிட் விசாவில் போகும் மனைவி

நிவித்திகல பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த பெண் அமெரிக்கப் பிரஜை ஒருவரை மணக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். “விசிட் விசாவில் போ, கிரீன் கார்டுக்கு அங்கேயே போட்டுக்கொள்ளலாம்” என்று சொல்ல ஆட்கள் இருப்பார்கள்.

முறைப்படி நுழைந்த மனைவி அங்கிருந்தபடியே கிரீன் கார்டுக்கான ஐ-130, ஐ-485 படிவங்களைக் கொடுக்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால், தங்கிவிடும் எண்ணத்தை மறைத்து, சுற்றிப்பார்க்க என்று சொல்லி விசா எடுத்தால் அது பொய்க்கூற்று. நிரந்தரத் தடைவரை கொண்டுபோய் விடும். விண்ணப்பித்த பிறகு, அம்மாவுக்குச் சுகமில்லை என்று பயண முன்அனுமதி எடுக்காமல் ஊருக்கு வந்தாலோ, விண்ணப்பமே கைவிடப்பட்டதாகக் கணக்கு.

குடியுரிமைக் கடதாசி குடும்பங்களைப் பிரிக்கும் கொடுமையை மலையகம் ஏற்கெனவே அனுபவித்திருக்கிறது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டதில், ஒரே லயத்துச் சொந்தங்கள் கடலுக்கு இருபுறமும் சிதறின.

ஆகவே, காத்திருப்பு நீண்டாலும், கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்முகம் கொடுத்துக் குடிவரவு விசாவில் போவதே பாதுகாப்பு. அதற்கு முன், பிறப்புச் சான்றிதழிலும் விவாகச் சான்றிதழிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.